படமில்லாமல் நடந்தவர்கள்

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் றோட்டில் நாவுல, நாலந்தை தாண்டியதும் காற்று மாறும். பற்றைக்காடும் செம்மண்ணும் பின்னுக்குப் போய், மரங்களில் மிளகுக்கொடி ஏறத் தொடங்கும். கொக்கோ, கராம்பு, ஏலம் என்று எழுதிய பலகைகளை வைத்துக்கொண்டு வாசனைத் திரவியத் தோட்டங்கள் உல்லாசப் பயணிகளுக்காகக் காத்திருக்கும். அலுவிகாரையைக் கடந்தால் மாத்தளை முத்துமாரியம்மன் கோபுரம். 45 கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் உட்கார்ந்து கண் அயர்ந்தால் முடிந்துவிடும் தூரம்.

2023 ஆகஸ்ட் 12 அன்று இந்த வழியாக ஓர் ஊர்வலம் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கியது அது. மடு, செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, திரப்பனை, கெக்கிராவை, தம்புள்ளை என்று இரண்டு கிழமைகளுக்கு மேலாக ஏறக்குறைய 250 கிலோமீட்டரைக் கால்நடையாகக் கடந்து வந்தது. மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் சிவில் அமைப்புகள் கூடி நடத்திய நடை. மூதாதையர் வந்த பாதையிலேயே நடந்து வந்தார்கள். காணி, வீடு, நியாயமான ஊதியம், மொழியுரிமை, தனித்துவமான மக்களாக ஏற்றுக்கொள்ளப்படுதல் என்று கோரிக்கைகளைச் சுமந்து வந்தார்கள். வயதான பெண்கள் நடந்தார்கள். சாமியார்களும் சிஸ்டர்மாரும் நடந்தார்கள். சிங்களவர்களும் முஸ்லிம்களும் கூடவே நடந்தார்கள்.

அந்த நடையை எத்தனை கைத்தொலைபேசிகள் படம் பிடித்தன என்று எவராலும் எண்ண முடியாது. நடந்தவரே எடுத்தார், எதிரே நின்றவரும் எடுத்தார். தப்படித்தவரைப் பக்கத்தில் நடந்தவர் எடுத்தார். வெடித்த பாதத்தை எடுத்தார்கள், செருப்பறுந்து நின்றதை எடுத்தார்கள், வழியோரத்தில் யாரோ நீட்டிய தண்ணீர்ப் போத்தலையும் விடவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் படங்கள் நாடு கடந்து போய்க்கொண்டிருந்தன.

அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு மனதில் வந்தவர்கள், ஒரு படமுமில்லாமல் இதே றோட்டில் நடந்தவர்கள்தான்.

1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சமும் கடனும் சாதியும் நெருக்கியவர்களைக் கங்காணி திரட்டினான். தொண்டி, பாம்பன், தேவிபட்டினம் போன்ற கரைகளிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து வடக்குப் பாதை என்று சொல்லப்பட்ட காட்டுவழி. முன்னால் கங்காணி, பின்னால் மூட்டையும் சட்டியும் சுமந்த குடும்பங்கள். கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, பறித்து முடிந்ததும் கையில் மிஞ்சியதை முடிச்சுப் போட்டுக்கொண்டு அதே வழியால் திரும்பி நடந்தவர்கள் பலர். ஆகவே, அது ஆண்டுக்கு இரு தடவை மனிதர்கள் ஓடிய ஆறு. ஒரு தடவை மலையை நோக்கி, ஒரு தடவை கடலை நோக்கி.

தண்ணீர் கிடைக்காத நெடுந்தூரம். கொலரா, காய்ச்சல், பேதி. நடக்க முடியாமல் விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது, ஏனென்றால் நின்றால் மற்றவர்களும் சாவார்கள். 1840களில் மட்டும் வந்தவர்களில் நான்கில் ஒருவர் மடிந்தார்கள், மொத்தம் 70,000 பேர் என்று அக்காலப் பத்திரிகைக் கணக்கு ஒன்று உண்டு. அந்த எண்ணிக்கையில் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் இறந்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதுதான் அந்த எண்ணைவிடக் கொடியது. டொனவன் மொல்ட்ரிச் என்ற பத்திரிகையாளர் 1989இல் இந்தக் கோப்பிக்காலத் தொழிலாளர்களைப் பற்றி முழு நூலே எழுதினார். துரைமாரின் கடிதங்களும் அரசாங்க அறிக்கைகளும் பத்திரிகைச் செய்திகளும் உதவிய அளவுக்கு, நடந்தவர்களின் சொந்த வாக்குமூலம் உதவவில்லை. அவர்கள் எழுதிவைக்கவில்லை. பாடினார்கள். அந்தப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டந்தோட்டமாய்த் தேடிச் சேர்த்திராவிட்டால் அதுவும் நமக்கு மிஞ்சியிராது.

1858இல் அரசு ஓர் ஏற்பாடு செய்தது. பாதையோரம் தங்குமிடம், கிணறு, வைத்தியம். சாவு குறைந்தது, நடை குறையவில்லை. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. கோப்பியை இறக்கத்தான் அந்தப் பாதை. மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடையே நடையே தொடர்ந்தது. தலைமன்னாருக்கு ரயில் போக 1914 ஆனது. மனிதரைக் கொண்டுவரும் வழிக்கு ரயில் போடக் கோப்பியைவிட 34 ஆண்டு கூடுதலாகத் தேவைப்பட்டது என்றால், அந்த ஆட்சியில் எது பெறுமதி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கமரா அப்போது இல்லையா என்றால், இருந்தது. 1839இலேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. 1850களில் இலங்கையின் மலைகளும் விகாரைகளும் படமாகிக்கொண்டிருந்தன. ஸ்கோவன், ஸ்கீன், பின்னால் பிளாட்டே என்று கொழும்பிலும் கண்டியிலும் படக்கடைகள் பெயர் பெற்றன. நமக்குப் பரிச்சயமான படங்களில் தொழிலாளர்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றுகிறார்கள். கூடை மாட்டிய பெண், மூக்குத்தி தெரியும்படி பக்கவாட்டில் திரும்பி நிற்கும் குமரி, வரிசையாய் நிறுத்தப்பட்ட கூட்டம். அவை தபாலட்டைகளாகி இங்கிலாந்துக்குப் போயின. அடியில் ‘தமிழ்க் கூலி’, ‘கொழுந்து பறிப்பவள்’ என்று இருந்தது. பெயர் கிடையாது.

இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிஞர்களையும் படமெடுத்துப் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பிரமுகர்களின் படங்களுக்கு அவரவர் பெயரே தலைப்பு. இங்கே எடுத்த ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள் சிலர்’. படத்தில் நிற்கும் முகங்களோ ஒவ்வொன்றும் தனித்தனியான மனிதர். அந்தக் கண்கள் இன்றும் நம்மைப் பார்க்கின்றன. அவர்கள் யார் என்று கேட்டு எழுத ஒரு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

றோட்டோரம் நடக்கும் ஏழையைப் படமெடுத்து அதை நாட்டின் மனச்சாட்சி முன்னால் வைத்த பெரிய முயற்சி அமெரிக்காவில் நடந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியிலும் புழுதிப் புயலிலும் நிலம் இழந்த குடும்பங்கள் கலிபோர்னியாவை நோக்கி நகர்ந்தன. அவர்களைப் பதிவு செய்ய அரசாங்கமே படப்பிடிப்பாளர்களை அனுப்பியது. 1935இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை நடத்தியவர் ரோய் ஸ்ட்ரைக்கர். 1,75,000 அளவிலான நெகடிவ்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன, எவரும் பார்க்கலாம்.

அதில் டொரதியா லாங் 1937 மார்ச்சில் எடுத்த படம் ஒன்று. நீண்டு போகும் றோட்டு. இரண்டு பேர் பையைச் சுமந்துகொண்டு நமக்கு முதுகு காட்டி லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நடக்கிறார்கள். வலப்பக்கம் ஒரு ரயில் கம்பனியின் பெரிய விளம்பரப் பலகை. அதில் ஒருவர் சாய்வு இருக்கையில் சுகமாகக் கிடக்கிறார். அடுத்த முறை ரயிலில் வாருங்கள் என்று பலகை அழைக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், மாத்தளை வரை கோப்பிக்காக வந்த ரயிலும் அதை நோக்கி மன்னாரிலிருந்து நடந்து வந்த கால்களும் நினைவுக்கு வருகின்றன. அந்த இரண்டு அமெரிக்கர்களுக்கு ஒரு லாங் பின்னால் நின்றார். நம்மவர்களுக்குப் பின்னால் எவரும் நிற்கவில்லை.

ஆனாலும் அமெரிக்கக் கதையை அப்படியே தலையில் தூக்கி வைக்க நான் தயாரில்லை. லாங்கின் மிகப் புகழ்பெற்ற படம் ‘குடிபெயர்ந்த தாய்’. 1936இல் நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் எடுத்தது. கன்னத்தில் கை வைத்த தாய், இரு தோளிலும் முகம் புதைத்த பிள்ளைகள். படங்கள் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு 20,000 இறாத்தல் உணவு போனது. அதற்குள் அந்தத் தாயின் குடும்பம் அங்கிருந்து போய்விட்டது. லாங் அவருடைய பெயரைக் கேட்கவேயில்லை. 1978இல்தான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன், செரோக்கிப் பழங்குடியில் பிறந்தவர் என்று உலகுக்குத் தெரிந்தது. உலகமெல்லாம் பார்த்த தன் முகத்தால் தனக்கு ஒரு சதமும் வரவில்லை என்று அவர் சொன்னார். இரக்கத்தோடு எடுத்த படத்திலும் பெயர் விடுபட்டது. நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு அந்த 42 ஆண்டுகளே போதும்.

மாத்தளை றோட்டுக்கு இன்னொரு நடையும் உண்டு. 1848 ஜூலை 28. ஆம், அதே ஜூலை 28. அன்று தம்புள்ளையிலிருந்து ஒரு கூட்டம் மாத்தளை நோக்கி வந்தது. இரண்டு நாள் முன்னர் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவை அரசனாக முடிசூட்டியிருந்தார்கள். டொரிங்டன் ஆளுநர் நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி என்று விதித்து, றோட்டு வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் வரவேண்டும் அல்லது பணம் கட்டவேண்டும் என்றும் சட்டம் போட்டிருந்தார். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான, மொரட்டுவையில் பிறந்த புரன் அப்பு பிடிபட்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். மாத்தளை நகரில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. சிங்களப் பாடநூலில் இருக்கிறது, தமிழ்ப் பாடநூலிலும் இருக்கிறது.

அந்த ஆண்டிலேயே அதே றோட்டில் நம்மவர்கள் செத்து விழுந்துகொண்டிருந்தார்கள் என்பதை எந்தப் பாடநூலும் அந்த அத்தியாயத்தோடு சேர்த்துச் சொல்வதில்லை. கோப்பிக்காக வெட்டிய றோட்டில் சிங்களக் குடியானவன் கட்டாய வேலை செய்தான், தமிழ்க் கூலி நடந்து மடிந்தான். இருவரையும் நசுக்கியது ஒரே கை. இருவரும் ஒருவரை ஒருவர் அப்படிப் பார்க்க வாய்க்கவில்லை. 175 ஆண்டு கழித்து அதே திகதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடை சிங்கள ஊர்களின் ஊடாக, சிங்கள நண்பர்களோடு வந்தது என்பதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

கமரா மலையகத்து லயக் காம்பராக்களுக்குள் பெருவாரியாக நுழைந்த காலம் எது தெரியுமா? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவராக்கியது. 1952இல் சத்தியாக்கிரகம் செய்தும் பலனில்லை. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். அதன்பிறகு பாஸ்போட்டுக்காகப் படம் எடுக்கவேண்டி வந்தது. கண்டியிலும் மாத்தளையிலும் ஸ்டூடியோவுக்குப் போய்த் தலைவாரி, இரவல் சட்டை போட்டு, கண்ணிமைக்காமல் உட்கார்ந்தார்கள். பல குடும்பங்களில் பாட்டனும் பாட்டியும் இருக்கும் ஒரே படம் அந்தப் பாஸ்போட் படம்தான். வந்தபோது அவர்களை எவரும் படமெடுக்கவில்லை. போகச் சொல்வதற்காகப் படமெடுத்தார்கள்.

அந்தப் படத்தை மடியில் கட்டிக்கொண்டு கோச்சி ஏறினார்கள். மாத்தளை ஸ்டேசனில் ஒப்பாரி எழுந்தது. அக்காவுக்கு இந்தியப் பாஸ்போட், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கோச்சி தலைமன்னாருக்குப் போனது. நடந்து வந்த திசைக்கு நேர் எதிர்த்திசை. மாத்தளை என்ற ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு எழுதிய எழுத்தாளர்களில் ஒருவரான மாத்தளை சோமு பின்னர் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். அந்தப் பெயரில் ஒரு நெடும்பயணமே அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் 1960களில் வேறொன்று செய்தார்கள். 1965 மார்ச் 7இல் செல்மா நகரத்துப் பாலத்தில் 600 பேரளவில் நடந்தவர்களைப் பொலிஸ் அடித்து விரட்டியது. படங்களும் தொலைக்காட்சியும் நாட்டை உலுக்கின. இரண்டு கிழமை கழித்து மொண்ட்கமரி நகர் வரை 87 கிலோமீட்டர் நடந்தார்கள். கறுத்த மேகத்தின் கீழ் ஒரு மேட்டில் வரிசையாய் நடக்கும் அந்த மக்களை ஜேம்ஸ் கரேல்ஸ் எடுத்த படம், வானத்தின் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பது போலிருக்கும். ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு தனக்கென்றே படப்பிடிப்பாளர்களை வைத்திருந்தது என்பதுதான். டானி லயன் போன்றவர்கள் இயக்கத்தின் ஆட்களாகவே படமெடுத்தார்கள். தங்கள் கதையை எடுத்துச் சொல்லப் பத்திரிகைக்காரன் வரட்டும் என்று அந்த இயக்கம் காத்திருக்கவில்லை.

நம் நாட்டில் படம் போராட்டத்தின் ஆயுதமானதை ஏ9 றோட்டிலேயே பார்க்கலாம். மாத்தளையைக் கடந்து வடக்கே போகும் அதே றோட்டில், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும், 2017 பெப்ரவரியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாத்தளையிலும் 2012 முடிவில் ஆஸ்பத்திரி வளவைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றின் காலம் பற்றி நிபுணர்கள் முரண்பட்டார்கள். 1987–89 கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மாரோ அவை தம் பிள்ளைகளாக இருக்கலாம் என்று நம்பி வந்து நின்றார்கள். கையில் பிள்ளையின் படம் இருந்தவர்களுக்கு, இப்படி ஒருவன் இருந்தான் என்று சொல்ல அதுவே ஆதாரம்.

மலையகத்து இளைஞர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். 2018 அக்டோபர் 24 அன்று கறுப்புடையில் ஆயிரக்கணக்கானோர் காலிமுகத்திடலில் கூடி 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டபோது, தொழிற்சங்கத் தலைவர்களுக்கு முன்னால் முகப்புத்தகப் படங்கள்தான் அவர்களை அழைத்து வந்திருந்தன. 2023 நடை அதன் அடுத்த கட்டம்.

அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் எது மாறியிருக்கிறது என்று கேட்டால், நடந்தவன் கையில் கமரா வந்திருக்கிறது. படத்தின் அடியில் என்ன எழுதவேண்டும் என்று சொல்லும் துணிவும் வந்திருக்கிறது. கூலி, இந்திய வம்சாவளி, தோட்டக்காட்டான் என்று பிறர் எழுதிய அடிக்குறிப்புகளை அடித்துவிட்டு மலையகத் தமிழர் என்று தாமே எழுதுகிறார்கள். இது பெரிய மாற்றம், உண்மையான மாற்றம்.

ஆனால் அந்த நடை முடிந்த மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கோ எல்கடுவைக்கோ பஸ் ஏறிப் போனால், கமரா காணும் லயன் பிரிட்டிஷ் காலத்து லயன்தான். தகரக் கூரையில் கல் வைத்த அதே வரிசை. அரசாங்க நிறுவனங்களின் கையிலிருக்கும் இப்பக்கத்துத் தோட்டங்கள் பல காடு பிடித்துக் கிடக்கின்றன. வேலை நாட்கள் குறைந்து, பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற வாக்குறுதி சிலருக்கு வீடானது, பலருக்குக் கடதாசியாகவே இருக்கிறது. செல்மாவின் நடைக்கு ஐந்து மாதத்தில் சட்டம் வந்தது. மாத்தளையின் நடைக்கு வந்தவை பேச்சுகளும் குழுக்களும்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 2023இல் எடுத்த அத்தனை படங்களும் எங்கே இருக்கின்றன? தொலைபேசி உடைந்தால் போய்விடும். முகப்புத்தகத்தில் கீழே இறங்கி மறைந்துவிடும். அமெரிக்கப் படங்கள் 90 ஆண்டு கழித்தும் நம் கண்முன் நிற்கக் காரணம், எவரோ ஒருவர் நெகடிவ்வுக்கு இலக்கமிட்டு, திகதியும் இடமும் எழுதி, பெட்டியில் வைத்துப் பூட்டியதுதான். நமக்கு அப்படி அரசாங்கம் செய்யும் என்று காத்திருக்க முடியாது. மாத்தளையில் ஒரு பாடசாலை அறை, ஒரு கோயில் மண்டபம், ஒரு நூலக மூலை போதும். தபாலட்டைக்காரர்களும் லாங்கும் விட்ட பிழையை நாமும் விட்டால் மன்னிப்பே கிடையாது.

ஆகவே வாசிக்கும் மலையகத்தவரிடம் ஒரு வேண்டுகோள். மாத்தளையில் இருந்தாலும் சரி, மண்டபத்திலோ ஊட்டியிலோ கூடலூரிலோ டொரண்டோவிலோ இருந்தாலும் சரி. வீட்டில் தகரப் பெட்டிக்குள் அந்தப் பாஸ்போட் படம் இருந்தால் இன்றைக்கே எடுங்கள். அதில் இருப்பவர் பெயர் தெரிந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பென்சிலால் மெதுவாகப் பின்புறம் எழுதுங்கள். பெயர், தோட்டம், டிவிசன், எடுத்த ஆண்டு. தொலைபேசியில் இருக்கும் 2023ஆம் ஆண்டுப் படங்களில் பத்தையாவது அச்செடுத்து அவற்றின் பின்புறத்திலும் அதையே எழுதுங்கள்.